நிறம் தப்பிய ஆலா: கடற்பறவைகளின் நிறக் கோளாறுகளுக்கு ஓர் அறிமுகம்

வாடைக் காற்று தொடங்கிவிட்டால் இலங்கையின் வடகிழக்குக் கரையில் கொக்கிளாய் முகத்துவாரத்திலும் நாயாற்றுத் தொடுவாயிலும் மணல்திட்டுகள் பறவைகளால் நிறைந்துவிடும். ஆலாக்களும் கடற்காகங்களும் காற்று வரும் பக்கம் சொண்டை வைத்துக்கொண்டு, ஒரே திசை பார்த்து நிற்கும். எப்போதாவது அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் சேராமல் தெரியும். பிடரியில் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பால் நிறம், அல்லது சாம்பல் முதுகில் வெள்ளைத் திட்டு, அல்லது உடம்பு முழுக்க வெளிறிய மண்ணிறம். யாராவது கைத்தொலைபேசியில் படம் எடுப்பார்கள். இருட்டுவதற்குள் அது "அல்பினோ பறவை" என்ற பெயரோடு நாலு வட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்திருக்கும்.

படம் எடுத்தது நல்ல காரியம். பெயர்தான் பெரும்பாலும் பிழை. வளர்ந்த அல்பினோ கடற்பறவை ஒன்று நம் கண்ணில் படுவது ஏறக்குறைய நடக்காத விடயம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். பறவையின் நிறம் தப்புவதற்குப் பல காரணங்கள் உண்டு. நிறம் உண்டாகும் வேலை படிப்படியாக நடக்கிறது. எந்தப் படியில் தடங்கல் வந்தது என்பதைப் பொறுத்தே கோளாறின் பெயரும் மாறும். அந்தப் படியைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் இல்லாமலேயே பல வேளைகளில் முடியும். கண், சொண்டு, கால், இறகு என்று ஒழுங்காகப் பார்த்துப் பழகினால் சரி.

நிறம் எங்கிருந்து வருகிறது

மீன்கொத்தியின் நீலமும் மயிலின் பச்சையும் இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருபவை. கடற்பறவைகளில் அந்த வகை நிறம் அரிது என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது நிறமிகள். அவற்றில் முக்கியமானவை இரண்டு: மெலனின், கரோட்டினொயிட். நிறமியே இல்லாத இறகு வெள்ளையாகத் தெரியும்.

மெலனினைப் பறவையின் உடலே செய்கிறது. கறுப்பு, சாம்பல், கடும் மண்ணிறம் ஆகியவற்றைத் தருவது யூமெலனின். செம்மண் நிறமும் மங்கிய மஞ்சள் கலந்த மண்ணிறமும் பியோமெலனினால் வருபவை. கரோட்டினொயிட்டை உடலால் செய்ய முடியாது, சாப்பாட்டோடுதான் உள்ளே வர வேண்டும். வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் வந்து இறங்கும் பூநாரைகளின் இளஞ்சிவப்பு அப்படி வந்ததுதான். உவர்நீரில் பெருகும் சிறு இறால் வகைகளிலும் பாசிகளிலும் உள்ள கரோட்டினொயிட் அவற்றின் இறகில் போய்ச் சேர்கிறது. மிருகக்காட்சிச்சாலையில் அந்தச் சாப்பாடு கிடைக்காத பூநாரை நாளடைவில் வெளிறிவிடும். அதன் மரபணுவில் ஒரு குறையும் இல்லை; தீனி சரியானால் அடுத்து முளைக்கும் இறகில் நிறம் திரும்பி வரும்.

இனி நம் கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பறவையை எடுத்துக்கொள்வோம். பெரிய கொண்டை ஆலா. மஞ்சள் சொண்டு, கறுப்புத் தொப்பி, சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கறுப்புக் கால், கருங்கண். கரைவலை இழுக்கும் இடத்தில் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றுவது பல நேரம் இதுதான். பாடம் முழுவதும் இந்த ஒரு பறவையிலேயே அடங்கியிருக்கிறது. சொண்டின் மஞ்சள் கரோட்டினொயிட்டால் வந்தது. தொப்பி, முதுகு, கால், கண் ஆகியவற்றின் கருமை மெலனினால் வந்தது. மெலனின் வேலை கெட்டால் பின்னவைதான் வெளிறும், சொண்டு மஞ்சளாகவே நிற்கும். "சொண்டு மஞ்சளாக இருக்கிறதே, அப்படியென்றால் நிறக் கோளாறு இல்லை" என்று முடிவு கட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மெலனின் உருவாகும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. முட்டைக்குள் முளையம் வளரும்போது, பின்னாளில் முள்ளந்தண்டு அமையப்போகும் பகுதியின் ஓரத்திலிருந்து சில கலங்கள் புறப்படுகின்றன. இவைதான் நிறமிக் கலங்களாகப் போகிறவை. தோல் வழியே அவை உடல் முழுக்கப் பரவி, இறகு முளைக்கும் குழிகளுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே தைரோசீன் என்ற அமினோ அமிலத்தைத் தைரோசினேஸ் என்ற நொதியம் ஒட்சியேற்றத் தொடங்குகிறது. பல படிகள் தாண்டி, கடைசியில் கருநிற மணிகள் கிடைக்கின்றன. கலம் அந்த மணிகளை வளர்ந்துகொண்டிருக்கும் இறகுக்குள் வைத்துவிடுகிறது.

இந்த ஒட்சியேற்றத்துக்கு நெருங்கிய உறவான ஒன்று எங்கள் அடுக்களையிலும் நடக்கிறது. வெட்டிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடாமல் சும்மா வைத்துப் பாருங்கள். முதலில் மண்ணிறமாகும், விட்டுவைத்தால் கறுக்கும். தைரோசினேசைப் போலவே செப்பு கொண்ட ஒரு நொதியம் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து செய்யும் வேலை அது. மண்ணிறம் பாதி வழி, கறுப்பு முழு வழி. இந்தப் "பாதி வழி"யை நினைவில் வைத்திருங்கள்.

இன்னொன்று. வளர்ந்து முடிந்த இறகுக்கு உயிர் இல்லை, நம் தலைமுடியைப் போல. அதற்குள் பிறகு நிறமி போகவும் முடியாது. ஓர் இறகு வெள்ளையாக முளைத்துவிட்டால், அது கொட்டிப் புதியது வரும் வரை வெள்ளைதான்.

தடங்கல் எந்தப் படியில்

இங்கிலாந்தில் ட்ரிங் என்ற ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைச் சேகரிப்பைப் பராமரிக்கும் ஹைன் வான் க்ரோவ் என்பவர், இந்த நிறக் கோளாறுகளைப் பற்றி 2006 முதல் தொடர்ந்து எழுதி வருகிறார். பறவை பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் பெயர் சூட்டாமல், உள்ளே என்ன நடந்தது என்பதை வைத்துச் சூட்ட வேண்டும் என்பது அவருடைய வாதம். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. ஒரே மாதிரி வெளிறித் தெரியும் இரண்டு பறவைகளின் தலைவிதி ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறாக இருக்கலாம்.

அல்பினோவிலிருந்து தொடங்குவோம். இங்கே நிறமிக் கலங்கள் இருக்கின்றன, போக வேண்டிய இடத்துக்கும் போயிருக்கின்றன. தைரோசினேஸ்தான் வேலை செய்யவில்லை. முதல் படியே நடக்காததால் மெலனின் துளியும் இல்லை. இறகு வெள்ளை, கால் வெளிறிய இளஞ்சிவப்பு, கண் சிவப்பு. கண்ணில் தெரியும் சிவப்பு நிறமியால் வந்ததல்ல, உள்ளே ஓடும் இரத்தம்.

இதில்தான் அந்தப் பறவைக்கு ஆபத்து. கண்ணுக்குள் இருக்கும் மெலனின் அழகுக்காக இருப்பதல்ல; தேவையற்ற ஒளி உள்ளே சிதறாமல் தடுப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் பார்வை மங்கும், தூரத்தைக் கணிப்பதும் தடுமாறும். ஆலாவின் பிழைப்போ கண்ணை நம்பியது. மேலிருந்து நீருக்குள் நகரும் மீனைக் குறிவைத்து, தலைகீழாக விழுந்து, சரியான கணத்தில் கவ்வ வேண்டும். அல்பினோக் குஞ்சைத் தாயும் தகப்பனும் ஊட்டும் வரை அது உயிரோடு இருக்கும். பறக்கத் தொடங்கிய பின்னும் கொண்டை ஆலாக்கள் சில மாதங்கள் பிள்ளைக்கு மீன் கொண்டுவந்து கொடுக்கின்றன. அதற்குப் பிறகு தனியே மீன் பிடிக்க வேண்டிய நாள் வரும்போது அது தோற்றுவிடுகிறது. இயற்கையில் வளர்ந்த அல்பினோவைக் காண முடியாததற்கு அதுதான் காரணம்.

"பகுதி அல்பினோ" என்று எழுதுவதும் இதனாலேயே பொருந்தாது. நொதியக் குறை உடலின் எல்லாக் கலங்களிலும் ஒரே மாதிரி இருக்கும். முதுகில் மட்டும் இல்லாமல் போகாது.

திட்டுத் திட்டாக வெள்ளை இருந்தால் பெரும்பாலும் வேறு இரண்டில் ஒன்று. முதலாவது லியூசிசம். இங்கே நொதியத்தில் குறை இல்லை, நிறமிக் கலங்கள் போய்ச் சேரவில்லை. முளையத்தில் முதுகுப் பக்கமிருந்து புறப்பட்ட பயணம் பாதியில் நின்றுவிட்டது. பயணம் நின்றால் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடங்கள்தான் வெறுமையாகக் கிடக்கும்: நெற்றி, தொண்டை, வயிறு, சிறகு நுனி, பாதம். லியூசிசத்தின் வெள்ளை பெரும்பாலும் அந்த இடங்களில், இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்து வருவது அதனால்தான். ஆலாவுக்கு வயிறும் தொண்டையும் முதலிலேயே வெள்ளை என்பதால் அங்கே ஒன்றும் தெரியாது. சிறகு நுனியையும் பாதத்தையும் பாருங்கள். கறுப்புக் காலில் இளஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அது நல்ல தடயம். கண் மட்டும் கறுப்பாகவே இருக்கும், ஏனென்றால் கண்ணின் உள் நிறமி வேறு வழியில், கண் வளரும் இடத்திலேயே உண்டாகிறது. ஆகவே உடல் முழுக்க வெள்ளையான லியூசிசப் பறவைக்கும் பார்வை நன்றாக இருக்கும், மீனும் பிடிக்கும். கரையில் காணும் "அல்பினோ"க்களில் சில உண்மையில் இதுவே.

இரண்டாவது, நரை. படிப்படியான நரை. பிறக்கும்போது பறவையின் நிறம் சரியாகவே இருக்கும். பிறகு ஒவ்வோர் இறகு மாற்றத்திலும் சில குழிகளில் நிறமிக் கலங்கள் ஓய்ந்துவிடும், அங்கே வெள்ளை இறகு வரும். அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம். வயது, நோய், பரம்பரை என்று காரணம் பலவாக இருக்கலாம். வெள்ளை இறகுகள் தொடக்கத்தில் ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். பறவைகளில் தப்பான இடத்தில் வெள்ளை இறகு காணப்படுவதற்கு மிகப் பொதுவான காரணம் இந்த நரைதான் என்கிறார் வான் க்ரோவ். வெள்ளைக் காகம் பறக்கிறது என்று சொல்பவனைப் பொய்யன் என்போம். ஆனால் சிறகில் வெள்ளை விழுந்த காகங்கள் ஊர்ப்புறங்களில் உண்டு. அவற்றிலும் நரையையும் சத்துக் குறைவையும் முதலில் நினைக்க வேண்டும், அல்பினோவை அல்ல.

ஒரு தடவை பார்த்ததை வைத்து லியூசிசமா நரையா என்று பிரிப்பது கடினம். அடுத்த பருவத்திலும் அதே பறவையைப் பார்க்கக் கிடைத்தால் விடை கிடைத்துவிடும். லியூசிசத்தின் வெள்ளை வாழ்நாள் முழுக்க அப்படியே நிற்கும், நரை கூடிக்கொண்டு போகும்.

மண்ணிற ஆலா சொல்லும் இரகசியம்

எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கோளாறுதான். இங்கே நிறமிக் கலம் இருக்கிறது, நொதியம் இருக்கிறது, மெலனினும் வேண்டிய அளவு உண்டாகிறது. ஆனால் யூமெலனினின் ஒட்சியேற்றம் முடிவதில்லை. கத்தரிக்காய் மண்ணிறத்தோடு நின்றுவிட்டது. கறுப்பாக வந்திருக்க வேண்டியது எல்லாம் மண்ணிறமாகிவிடும்: தொப்பி மண்ணிறம், கால் மண்ணிறம், சாம்பல் முதுகு மங்கிய பழுப்பு. இதைப் பழுப்பு மாற்றம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்படி முழுமை பெறாத மெலனின் வெயிலைத் தாங்காது. நிழலே இல்லாத மணல்திட்டில் நாள் முழுக்க நிற்கும் பறவைக்குச் சில மாதங்களில் நிறம் வெளுத்துப் பால் ஏடு மாதிரி ஆகிவிடும். அந்த நிலையில் பார்க்கிறவர் "வெள்ளைப் பறவை" என்றே எழுதுவார். பறவை இறகு கோதும் வரை காத்திருங்கள். சிறகை விரித்து, ஒவ்வோர் இறகாகச் சொண்டால் இழுக்கும்போது, மற்ற இறகால் மூடியிருந்த பகுதி வெளியே வரும். வெயில் படாத அந்தப் பகுதியில் பழைய மண்ணிறம் அப்படியே இருக்கும். ஒரே இறகில், மூடிய பாதி மண்ணிறம், திறந்த பாதி வெளிறல், நடுவே கோடு கிழித்தது மாதிரி எல்லை. அதைக் கண்டால் பழுப்பு மாற்றம் என்று துணிந்து எழுதலாம்.

இரகசியம் என்று சொன்னது இனித்தான் வருகிறது. மரபணுக்களைச் சுமந்து, ஆணா பெண்ணா என்பதையும் தீர்மானிக்கும் இழைகளைப் பால் நிறமூர்த்தங்கள் என்பார்கள். மனிதரில் ஆணுக்குத்தான் அவை இரண்டும் வேறு வேறு. பறவைகளில் இது மறுபக்கம். ஆணுக்கு இசட் (Z) எனப்படும் நிறமூர்த்தம் இரண்டு, பெண்ணுக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் (W). பழுப்பு மாற்றத்துக்கான மரபணு இசட்டில் இருக்கிறது, அது பின்னிடைவானது. ஆணுக்கு இரண்டு இசட்டிலும் அந்தக் குறை இருந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று நல்லதாக இருந்தால் அது மற்றதை மறைத்துவிடும். பெண்ணுக்கு இருப்பதே ஓர் இசட். அதில் குறை வந்தால் மறைக்க ஆள் இல்லை.

ஆகவே இயற்கையில் பழுப்பு மாற்றத்தோடு தென்படும் பறவை அநேகமாகப் பெண்ணாகவே இருக்கும். கொண்டை ஆலாவில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். கூட்டத்தில் நிற்கும் நூறு பறவைகளில் எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. நிறம் தப்பிய அந்த ஒன்றை மட்டும் சுட்டி "இது பெண்" என்று சொல்லலாம். அதுமட்டுமல்ல: அதற்குப் பழுப்பு நிறம் தகப்பனிடமிருந்து வந்தது என்பதும் நிச்சயம், ஏனென்றால் பெண் குஞ்சின் ஒரே இசட் தகப்பன் கொடுத்தது. அந்தத் தகப்பன் பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லாத ஆலாவாக, ஒருவேளை அதே கூட்டத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம். இந்தப் பெண்ணுக்குப் பிறக்கும் ஆண் குஞ்சுகளும் வெளியே சாதாரண நிறத்தோடு அந்த மரபணுவைச் சுமக்கும். பேத்தி ஒருத்தியில் அது மறுபடி வெளியே வரலாம்.

இனோ என்பது இதே வழியில் இன்னும் ஆழமான தடங்கல். ஒட்சியேற்றம் தொடக்கத்திலேயே சுணங்கி நிற்கும். பறவை ஏறக்குறைய வெள்ளை, தொப்பி இருந்த இடத்தில் மெல்லிய பால் ஏட்டு நிறம், கண் இளஞ்சிவப்பாகவோ செம்மண் நிறமாகவோ தெரியும். இதுவும் இசட்டோடு போவது என்பதால் காண்பவை பெரும்பாலும் பெண்கள். அல்பினோவை விடப் பார்வை நல்லது, அதனால் சில வளர்ந்தும் வாழ்கின்றன. சிவந்த கண்ணுள்ள, வளர்ந்த, வெளிறிய கடற்பறவை ஒன்று உண்மையாகவே கிடைத்தால் அல்பினோவுக்கு முன் இனோவை நினையுங்கள்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிறமியின் தரம் சரியாக இருந்து அளவு மட்டும் குறைந்தால் நிறம் ஐதாகிவிடும்: கறுப்பு சாம்பலாகும், சாம்பல் வெள்ளிபோல ஆகும். நிறமி கூடினாலோ இருக்கக் கூடாத இடத்தில் படிந்தாலோ அது மெலனிசம். 2015 இல் சைப்பிரஸின் அக்ரோத்திரி உப்பேரியில் முற்றிலும் கறுத்த பூநாரை ஒன்று நின்றதை உலகமே பார்த்தது. மெலனின் மிகுந்து இளஞ்சிவப்பை மூடிவிட்டது.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம்: 2019 மார்கழியில் தென் அத்திலாந்திக்கின் தெற்கு ஜோர்ஜியாத் தீவில் பெல்ஜியப் படப்பிடிப்பாளர் இவ் ஆடம்ஸ் எடுத்த ராஜ பென்குயின் படம். கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளிறிய மஞ்சள். கழுத்தின் மஞ்சள் மட்டும் குறையாமல் இருந்தது, ஏனென்றால் பென்குயினின் மஞ்சளை உண்டாக்கும் நிறமி மெலனின் அல்ல, தனி வகை. அந்தப் படம் வெளியானபோது அது எந்தக் கோளாறு என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்தது. படத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டுவது அவர்களுக்கும் எளிதல்ல.

கோளாறே இல்லாத குழப்பங்கள்

நிறம் மாறிய பறவை என்று அனுப்பப்படும் படங்களில் பல, சாதாரண பறவைகள். அதனால் இந்தப் பகுதியைத்தான் கரையோரத்தில் இருக்கும் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டும்.

மண்ணிறத் தலைக் கடற்காகம் மத்திய ஆசியாவின் மேட்டு ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு மாரியில் இங்கே வரும். வரும்போது அதன் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும். மாசி, பங்குனியில் புறப்படப் போகும் சமயம் தலை மண்ணிறமாகத் தொடங்கும். அந்த இடைப்பட்ட நாட்களில் ஒரே கூட்டத்தில் வெள்ளைத் தலை, புள்ளி விழுந்த தலை, முழு மண்ணிறத் தலை மூன்றும் நிற்கும். எல்லாம் சரியானவையே.

கொண்டை ஆலாவும் குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் தொப்பியின் முன்பாதியை இழந்துவிடும். நெற்றியும் உச்சியும் வெளுத்து, பிடரியில் மட்டும் கறுப்பு மிஞ்சும். பிடரியும் வெளுத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். காலிலும் ஒரு எச்சரிக்கை: சில பறவைகளுக்கு, குறிப்பாக இளசுகளுக்கு, கால் மஞ்சளாகவோ இரு நிறம் கலந்தோ இருப்பதுண்டு. காலை மட்டும் சாட்சியாக வைக்காமல் கண்ணையும் பிடரியையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆலாக்களின் சிறகில் கரும்பட்டைகள் தெரிவதும் பலரை ஏமாற்றும். புதிதாக முளைத்த பறப்பு இறகின் மேல் வெள்ளிப் பூச்சு மாதிரி மெல்லிய நுண்ணிழைப் படலம் இருக்கும். நாளாக நாளாக அது தேய்ந்து அடியிலுள்ள கருமை வெளியே வரும். புதிய இறகு வெளிர், பழைய இறகு கருமை. இரண்டும் ஒரே சிறகில் பக்கம் பக்கமாக நின்றால் யாரோ மை பூசியது போல இருக்கும்.

மன்னார்க் கரையில் கரைக்கொக்கு உண்டு. அதில் ஒன்று கருஞ்சாம்பல், தொண்டை மட்டும் வெள்ளை. இன்னொன்று முழு வெள்ளை. இரண்டும் ஒரே இனம், அது இயற்கையான இரு வடிவம். இடைநடுவில் சாம்பலும் வெள்ளையும் கலந்த கொக்குகளும் வருவதால் அவற்றை லியூசிசம் என்று எழுதிவிடுகிறார்கள். பலத்த காற்றில் கரைக்கு அடிபட்டு வரும் கரும்முதுகு ஆலாவின் இளம் பறவையும் அப்படித்தான். தாய் தகப்பனுக்கு மேலே கறுப்பு, கீழே வெள்ளை. பிள்ளைக்கோ உடம்பு முழுக்கக் கருமை, முதுகில் வெள்ளைப் புள்ளிகள். மெலனிசம் ஒன்றும் இல்லை.

கடைசியாகச் சாயம். இங்கிலாந்தில் 2019 இல் வீதியோரம் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கடற்காகத்தைக் கண்டெடுத்து வனவிலங்கு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். கழுவிப் பார்த்தால், அது கறியிலோ மஞ்சளிலோ விழுந்து எழும்பிய சாதாரண வெள்ளிக் கடற்காகம். நம் பக்கத்தில் மஞ்சளை விட இயந்திர எண்ணெய்க்குத்தான் வாய்ப்பு அதிகம். எண்ணெய் பட்ட இறகு கறுப்பாக மட்டும் இருக்காது. ஒன்றோடொன்று ஒட்டிக் குச்சி குச்சியாக நிற்கும், பறவை ஓயாமல் அதைக் கோதிக்கொண்டிருக்கும். அது உதவி தேவைப்படும் பறவை. ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகப் பறவைகளுக்குச் சாயம் பூசுவதும் உண்டு, அப்படியானவற்றின் காலில் வளையமோ நிறக்கொடியோ இருக்கும்.

வெள்ளை இறகின் விலை

மணல்திட்டில் கிடக்கும் கடற்காகச் சிறகு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மண்ணிறத் தலைக் கடற்காகத்தின் வெளிப்புறப் பறப்பு இறகு கறுப்பு, நுனிக்குச் சற்று முன்னே ஒரு வெள்ளைப் பொட்டு. பழைய இறகாக இருந்தால் கறுப்புப் பகுதியின் விளிம்பு இன்னும் நேராக இருக்கும். வெள்ளையின் விளிம்பு பூச்சி அரித்த ஓலை போல உதிர்ந்திருக்கும். மெலனின் மணிகள் இறகை உறுதியாக்குகின்றன. கடற்காற்றும் மணலும் வெயிலும் நாள் முழுக்க உரசும் வாழ்வில் அந்த உறுதி பெரிய காரியம். பல கடற்பறவைகளின் உடல் வெள்ளையாக இருந்தும் சிறகு நுனி மட்டும் கறுப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

நிறம் தப்பிய பறவைக்கு அந்தக் காவல் இல்லை. சிறகு நுனி சீக்கிரம் கிழிந்துபோகும், அடுத்த இறகு மாற்றம் வரை அந்தக் கிழிந்த சிறகோடுதான் பறக்க வேண்டும். கூட்டத்தில் தனித்துத் தெரிவதால் பருந்தின் கண்ணில் முதலில் படவும் கூடும். அப்படியிருந்தும் சில ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன, சோடி சேர்கின்றன. வெள்ளையாகப் பிறந்ததெல்லாம் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். பார்வை நல்லதா என்பதே பெரும்பாலும் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கண்டால் என்ன செய்வது

வன்னிக் கரையில் பறவை பார்ப்பவர்கள் நடமாட முடியாத ஆண்டுகள் நீண்டவை. மற்றப் பகுதிகளில் பதிவுகள் சேர்ந்துகொண்டிருந்த காலத்தில் நம் களப்புகளைப் பற்றி எழுத ஆள் இருக்கவில்லை. ஆகவே வாடியில் இருந்து ஒரு மீனவத் தம்பி எடுக்கும் தெளிவான படம்கூட நம்மிடம் இல்லாத பதிவு ஒன்றைத் தருகிறது. இதைப் பெரிதுபடுத்திச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான்.

கிட்டப் போய்க் கூட்டத்தைக் கலைக்க வேண்டாம். தூரத்திலிருந்தே பல படங்கள் எடுங்கள்: பக்கவாட்டில் ஒன்று, கண்ணும் சொண்டும் தெரிய ஒன்று, கால் தெரிய ஒன்று, சிறகை விரிக்கும்போது ஒன்று. சாதாரண நிறப் பறவை ஒன்றும் அதே படத்தில் இருந்தால் ஒப்பிட வசதி. கைத்தொலைபேசியில் வெயில் வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும், உச்சி வெயிலில் எடுத்த சாம்பல் முதுகெல்லாம் வெள்ளையாகத்தான் வரும். காலையிலோ மாலையிலோ எடுத்தால் நல்லது. படத்தில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலைகளைச் செய்யாமல் அப்படியே வையுங்கள்.

பிடிக்கவோ வளர்க்கவோ நினைக்கக் கூடாது. பெரும்பாலான காட்டுப் பறவைகள் இந்நாட்டில் சட்டத்தால் காக்கப்படுபவை. கோடையில் மணலில் முட்டையிடும் சிற்றாலாக்களின் இடங்களில் வெள்ளைக் குஞ்சு ஒன்றைக் கண்டாலும் கையில் எடுக்க வேண்டாம். நீங்கள் அங்கே நிற்கும் நேரமெல்லாம் தாய்ப் பறவை மேலே கத்திக்கொண்டிருக்கும், மற்ற முட்டைகள் வெயிலில் வேகும். தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளில் ஆலாக்கள் பெருமளவில் குஞ்சு பொரிக்கின்றன. அவை 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டவை, அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது.

பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்ட் (eBird) இணையத்தளத்தில் படங்களைப் பதியலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கும் அனுப்பலாம். திகதி, இடம், கூட்டத்தில் வேறு என்ன பறவைகள் நின்றன என்பவற்றை எழுதுங்கள். "அல்பினோ" என்று எழுதாமல் கண்டதை எழுதுங்கள்: கண் கறுப்பு, சொண்டு மஞ்சள், இடக்கால் கறுப்பு, வலக்காலில் வெள்ளைத் திட்டு, பிடரி மண்ணிறம், இரு சிறகு நுனியும் வெள்ளை. காலில் வளையம் இருந்தால் அதன் நிறத்தையும் எந்தக் கால் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாடையில் அதே திட்டில் அதே பறவை வந்து நின்றால், வெள்ளை கூடியிருக்கிறதா என்று இந்தக் குறிப்போடு வைத்துப் பார்க்கலாம்.